டேக்வாண்டோவுக்கு உண்மையில் என்ன வயது? 2000 வருடமா, 80 வருடமா?

#1 மஞ்சள்பெல்ட்_அப்பா

மகள் கோவையில் டேக்வாண்டோ கற்றுக்கொள்கிறாள். அடுத்த மாதம் பச்சை பெல்ட் டெஸ்ட். உதை, குத்து எல்லாம் போக எழுத்துத் தேர்வும் உண்டாம். அதற்கு ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்திருக்கிறார்கள். முதல் வரியே "டேக்வாண்டோ 2000 ஆண்டுப் பழமை வாய்ந்த கொரியக் கலை, சில்லா நாட்டு ஹ்வாரங் வீரர்கள் பயின்றது" என்று ஆரம்பிக்கிறது. என் மச்சான் கராத்தே ஆள். தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "கராத்தேவுக்குக் கொரியாக்காரன் வேற சட்டை மாட்டிவிட்டான் மாப்ள, அவ்வளவுதான்" என்கிறான். ரெண்டு பேரில் யார் சொல்வது சரி? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சபொம்நிம்_சேலம்

வணக்கம் சார். நான் சேலத்தில் ஐடிஎஃப் (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) முறையில் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தத் தாளில் இருப்பதைத்தான் நாங்களும் எங்கள் மாஸ்டர்களிடம் கேட்டு வளர்ந்தோம். யாரோ ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து கட்டிவிட்ட கதை இல்லை.

கோகுரியோ அரசின் கல்லறைகள் இன்றைய சீனாவில் ஜியான் என்ற ஊரில் இருக்கின்றன. அதில் முயோங்சோங் என்ற கல்லறையின் மேல்சுவரில் இரண்டு பேர் கைகளை ஓங்கி எதிரெதிரே நிற்கும் ஓவியம் உண்டு. கியோங்ஜு பக்கத்தில் சொக்குராம் குகைக்கோயிலில் 8ஆம் நூற்றாண்டுக் காவல் வீரர் சிலை, முஷ்டி பிடித்த நிலையில். கோரியோ அரசர்கள் காலத்தில் சூபாக், அதற்கடுத்த ஜோசோன் அரசர்கள் காலத்தில் டேக்கியோன் என்ற கலைகள். 1910இல் ஜப்பான் நாட்டைப் பிடித்த பிறகு இவை ஒடுக்கப்பட்டன. 1945இல் விடுதலை கிடைத்ததும் திரும்ப எழுந்தன. ஜெனரல் சோய் ஹாங் ஹி 1955இல் பெயர் வைத்தார். பெயர்தான் புதுசு, வேர் பழசு.

#3 பழையஏடு

மாஸ்டர், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முயோங்சோங் ஓவியம் அழகானது, சந்தேகமே இல்லை. ஆனால் அதில் உதை இல்லை. இரண்டு ஆட்கள் தள்ளித் தள்ளி நின்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். மல்யுத்தத்துக்கு முந்தைய நிலையாகவும் இருக்கலாம், ஆட்டமாகவும் இருக்கலாம். அதே பகுதியில் உள்ள காக்ஜோசோங் கல்லறையில் மல்யுத்தக் காட்சி தெளிவாகவே வரையப்பட்டிருக்கிறது. 4, 5ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றைக் காட்டி 1955இல் பெயர் வைத்த கலைக்குத் தாய்ப்பத்திரம் எழுத முடியாது. நடுவில் 1500 வருடம் கிடக்கிறது.

சொக்குராம் சிலை இன்னும் சுலபம். பௌத்தக் கோயில் வாசலில் நிற்கும் வஜ்ரபாணி மரபுக் காவல் உருவம் அது. சீனாவில் உண்டு, ஜப்பானில் நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயில் வாசலில் மரத்தில் செதுக்கிய பிரம்மாண்டமான ஜோடி உண்டு. முஷ்டி பிடித்த காவல் சிலைதான் சாட்சி என்றால் ஜப்பான்காரனும் டேக்வாண்டோவுக்குப் பங்கு கேட்பான்.

ஹ்வாரங் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் 1145இல் தொகுத்த சாம்குக் சாகியும் 13ஆம் நூற்றாண்டுச் சாம்குக் யூசாவும் ஆகிய இரண்டு பழைய நூல்கள் சொல்வதுதான். உயர்குடி இளைஞர்கள் கூட்டமாக மலை, ஆறு என்று சுற்றினார்கள், பாடினார்கள், துறவி வோன் குவாங் கொடுத்த 5 நெறிகளைப் பின்பற்றினார்கள், போரில் செத்தார்கள். வெறுங்கையால் எப்படிச் சண்டை போட்டார்கள் என்று ஒரு வரி கிடையாது.

சூபாக் மட்டும் நிஜமான ஆதாரம் உள்ளது. அதில் ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1170. கோரியோ மன்னர் உய்ஜோங் பரிவாரத்தோடு உலாப் போகிறார், வழியில் படைவீரர்களுக்குள் சூபாக் போட்டி வைக்கிறார். யீ சோ உங் என்ற வயதான தளபதி தோற்று ஒதுங்குகிறார். ஹான் ரோய் என்ற இளம் எழுத்தர் அதிகாரி போய் அவர் கன்னத்தில் ஓர் அறை விடுகிறான், தளபதி படியில் உருண்டு விழுகிறார், அரசவையே சிரிக்கிறது. ஏற்கெனவே எழுத்தர் வர்க்கத்தின் மேல் கறுவிக்கொண்டிருந்த படைத் தளபதிகள் அன்றைக்கே வாளை உருவினார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய 100 வருடம் கொரியாவில் படைத்தலைவர்கள் ஆட்சி. ஆக சூபாக் இருந்தது, அரசர் முன்னால் ஆடப்பட்டது. ஆனால் எந்த அடி, எந்தப் பிடி, எப்படிப் பயிற்சி என்று சொல்லும் கையேடு எதுவும் அந்தக் காலத்திலிருந்து வரவில்லை.

கையேடு என்று கிடைப்பது 1790இல் ஜோங்ஜோ மன்னர் தொகுக்கச் சொன்ன முயே டோபோ டோங்ஜி. அதில் வெறுங்கைச் சண்டைக்கு ஒரே ஓர் அத்தியாயம். அதுவும் மிங் சீனத் தளபதி சீ ஜிகுவாங் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய படைப்பயிற்சி நூலை ஆதாரமாக வைத்தது.

அப்புறம் ஜப்பான் ஒடுக்குமுறை. மொழியை, பெயரையே மாற்றச் சொன்ன ஆட்சி அது, கொடுமையைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் சிரும் மல்யுத்தத்துக்கு அந்தக் காலத்திலேயே 1927இல் கொரியர்கள் சங்கம் வைத்துப் போட்டி நடத்தினார்கள். கொரிய வில்வித்தைக்கும் சங்கம் இருந்தது. "எல்லாம் தடை, அதனால்தான் தடயம் இல்லை" என்பது அவ்வளவு எளிதாக நிற்காது.

#4 காஞ்சிமைந்தன்

எதுக்கு இவ்வளவு சுத்தறீங்க? எல்லாத்துக்கும் மூலம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர். அவர் ஷாவோலின் போய்ச் சொல்லிக்கொடுத்தார், அங்கிருந்து ஓகினாவா, அங்கிருந்து ஜப்பான், அப்புறம் கொரியா. தமிழன் கொடுத்த கலை. இதைச் சொல்ல ஏன் கூச்சம்?

#5 பழையஏடு

இதற்காகத்தான் காத்திருந்தேன், நான்காவது பதிவிலேயே வந்துவிட்டது.

போதிதர்மரைப் பற்றிய பழைய சீனக் குறிப்பு 547ஐ ஒட்டி யாங் சுவான்ஷி எழுதியது. அது அவரைப் பாரசீகர் என்கிறது. தென்னிந்திய அரசர் ஒருவரின் மகன் என்பது சீடர் மரபில் வந்த தான்லின் குறிப்பு. இரண்டிலும் சண்டைக்கலை கிடையாது. அவர் ஷாவோலின் துறவிகளுக்கு உடற்பயிற்சி கொடுத்தார் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை யீஜின் ஜிங் என்ற நூல். அது 1624இல் எழுந்தது, போதிதர்மர் பெயரைப் பிற்பாடு அதன் தலையில் ஏற்றினார்கள். 1100 வருட இடைவெளி. மாஸ்டருக்கு ஹ்வாரங் என்றால் நமக்குப் போதிதர்மர். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, மருந்தும் ஒன்றுதான்: பழைய ஏட்டைத் திறந்து பார்ப்பது.

#6 சுவோன்வாசி

நான் வேலை நிமித்தம் கொரியாவில் சுவோன் நகரத்தில் இருக்கிறேன். பழையஏடு சொன்ன 1790 புத்தகத்தை இங்கே நேரிலேயே பார்க்கலாம். அதே ஜோங்ஜோ மன்னர் கட்டிய ஹ்வாசோங் கோட்டைக்குள் அவருடைய சிறு அரண்மனை இருக்கிறது. அதன் வாசல் முற்றத்தில் அந்த நூலின் 24 கலைகளை நடித்துக் காட்டுகிறார்கள். சுற்றுலாக் கூட்டம் தரையில் உட்கார்ந்துகொள்ளும். பச்சை மூங்கிலையும் சுருட்டிய வைக்கோல் பாயையும் வாளால் சீவுவார்கள், நீள ஈட்டி, பிறைவடிவக் கத்தி, கேடயம், அம்பு என்று ஒரே ஆயுத மயம். வெறுங்கைப் பகுதி வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. 24இல் 6 குதிரை மேல் செய்வது. அன்றைய ராணுவத்துக்கு எது முக்கியம் என்று அதைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

#7 சபொம்நிம்_சேலம்

சரி, சுவரோவியம் சிலை எல்லாம் ஓரமாக வைப்போம். அப்படியென்றால் 1945க்குப் பிறகு சியோலில் திடீரென்று எங்கிருந்து வந்தது? அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள் பழையஏடு. நானும் என் மாணவர்களும் ஒரு நாளில் உதைக்கும் உதையைக் கராத்தேக்காரர் ஒரு வாரத்தில் உதைக்க மாட்டார். அது எப்படி?

#8 பழையஏடு

நல்ல கேள்வி. முதல் பாதிக்கு நான் சொல்கிறேன், இரண்டாம் பாதிக்குப் போட்டி ஆடினவர்கள் வரட்டும்.

1944 முதல் 1946க்குள் 5 பள்ளிகள் எழுந்தன. கொரிய மொழியில் குவான். முதலாவது சுங் டோ குவான், 1944, சியோல். ஆரம்பித்தவர் லீ வோன் குக். டோக்கியோ சுவோ பல்கலையில் படித்தபோது ஷோடோகான் கராத்தேயின் கிச்சின் ஃபுனாகோஷியிடம் பயின்றவர். இரண்டாவது சோங் மூ குவான், அதே 1944, கேசோங் நகரம், ரோ பியோங் ஜிக். இவரும் ஃபுனாகோஷி மாணவர். மூன்றாவது ஹ்வாங் கீயின் மூ டுக் குவான், 1945. ஹ்வாங் கீ மஞ்சூரியாவில் ரயில்வே வேலையில் இருந்தபோது சீனக் கலை கற்றவர். கராத்தேயை அவர் ஆசிரியர் வைத்துப் படிக்கவில்லை. ரயில்வே நூலகத்தில் கிடைத்த ஜப்பானிய மொழிப் புத்தகத்தைப் பார்த்துப் படித்ததாகத் தானே எழுதியிருக்கிறார். அடுத்து சுன் சாங் சப் ஆரம்பித்த பள்ளி, பிற்பாடு அதன் பெயர் ஜிடோ குவான் ஆயிற்று. ஜப்பானில் படிக்கப் போய் கராத்தே கற்று வந்தவர் அவர். கடைசியாக 1946இல் சியோல் ஒய்எம்சிஏவில் யூன் பியோங் இன் தொடங்கியது, பிற்காலச் சாங் மூ குவான். மஞ்சூரியாவில் சீனக் குத்துக்கலை, ஜப்பானில் நிஹோன் பல்கலையில் தோயாமா கான்கெனிடம் கராத்தே என்று இரண்டும் தெரிந்தவர்.

இந்த 5 பேரில் டேக்கியோன் ஆசிரியர் ஒருவரும் இல்லை. மாணவர்களுக்குக் கொடுத்தது கராத்தே கட்டாக்கள், அதாவது தனியாகச் செய்து பழகும் அசைவுத் தொடர்கள். வெள்ளைச் சீருடை, பெல்ட் தரம், வரிசையாக நின்று எண்ணுக்கு எண் அடிப்பது, எல்லாம் அங்கிருந்து வந்தவை. பள்ளிகளும் அப்போது தங்கள் கலையை டாங் சூ டோ, கோங் சூ டோ என்றுதான் போட்டுக்கொண்டன. ஜப்பானில் கராத்தேக்கு எழுதும் எழுத்துகளைக் கொரிய உச்சரிப்பில் படித்தால் அதுதான் வரும். அந்தத் தலைமுறை எதையும் மறைக்கவில்லை.

சுன் சாங் சப்பும் யூன் பியோங் இன்னும் 1950இல் தொடங்கிய கொரியப் போரின்போது காணாமல் போனார்கள். 5 நிறுவனர்களில் இருவர் அப்படி இல்லாமல் போனதும், மூலக்கதையைச் சொல்லும் உரிமை ராணுவத்தில் இருந்த சோய் ஹாங் ஹி பக்கம் சாய்ந்ததற்கு ஒரு காரணம் என்பேன்.

#9 ஷோடோகான்_ஷங்கர்

நான் கராத்தே. அந்த மச்சானின் கட்சி. ஆனால் வாய்ச்சொல் வேண்டாம், செய்து பார்க்கலாம்.

மாஸ்டர், உங்கள் வோன்யோ டுல்லையும் (கட்டாவுக்கு ஐடிஎஃப்காரர்கள் சொல்லும் பெயர் டுல்) எங்கள் ஹெயான் நிதான் கட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேரை நிறுத்திச் செய்யச் சொல்லுங்கள். இரண்டும் இடப்பக்கம் திரும்பி, எடை பின்காலில், இரண்டு கையையும் ஒன்றாகத் தூக்கும் பிளாக்கில் தொடங்கும். அதற்கடுத்து ஒரு கை உள்ளே வரும், மறுகை வெளியே போகும். அதையே வலப்பக்கம். அப்புறம் திரும்பி ஒரு பக்க உதை. உதைத்த கால் இறங்கியதும் கத்திக்கை பிளாக் 3, முன்னேறி முன்னேறி. அதன் முடிவில் விரல்நுனிக் குத்து. எண்ணிக்கைகூட மாறாது. எங்கள் ஹெயான் வரிசையை ஓகினாவாவில் பள்ளிப் பிள்ளைகளுக்காக 1900களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் அன்கோ இதோசு. வோன்யோ என்பது 7ஆம் நூற்றாண்டுக் கொரியத் துறவியின் பெயர். துறவியின் பெயர் பழசுதான், அசைவுகள் இதோசு வீட்டுச் சொத்து.

#10 சபொம்நிம்_சேலம்

ஷங்கர், முதல் பாதி அப்படித்தான் போகிறது, மறுக்க மாட்டேன். சோய் ஜப்பானில் படித்தபோது ஷோடோகானில் கறுப்பு பெல்ட் வாங்கியவர் என்பது அவரே எழுதியது. சின்ன வயதில் எழுத்துக்கலை ஆசிரியர் ஹான் இல் டோங் டேக்கியோன் சொல்லிக்கொடுத்ததாகவும் அவர் சொல்வார், அது அவர் வார்த்தை மட்டும்தான்.

ஆனால் அவர் அந்தக் கட்டாக்களை என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். 24 டுல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கொரிய வரலாற்றுப் பெயர். எண்ணிக்கையிலும் பொருள் வைத்தார். ஜூங் குன் டுல்லில் 32 அசைவு. 1909இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் இதோ ஹிரோபூமியைச் சுட்ட ஆன் ஜூங் குன்னின் பெயர் அது. மறுவருடம் லூஷுன் சிறையில் தூக்கிலிட்டபோது கொரியக் கணக்கில் அவருடைய வயதுதான் அந்த 32. ஹ்வாரங் டுல்லில் 29, சோய் 1953இல் ஜேஜு தீவில் உருவாக்கிய 29ஆம் காலாட்படைப் பிரிவு. டேக்வாண்டோ வளர்ந்த இடமே அந்தப் படைப்பிரிவுதான். சுங் மூ டுல் இடக்கை அடியில் முடியும். தளபதி யீ சூன் சின் தன் திறமையை முழுசாகக் காட்டும் முன்பே செத்துப்போனார் என்பதற்கு அடையாளமாக. ஜப்பானிடமிருந்து கற்ற அசைவுக்கு, ஜப்பானை எதிர்த்துச் செத்தவன் பெயரை வைப்பது சும்மா லேபிள் ஒட்டுவது இல்லை. 1945இல் விடுதலையான தலைமுறைக்கு அது தேவைப்பட்டது.

அந்த ஓடு உடைத்த கதையும் இங்கே சொல்லவேண்டும். 1950களின் முதல் பாதி, ராணுவ விழா, மேடையில் குடியரசுத் தலைவர் சிங்மன் ரீ. சோயின் வலக்கையாக இருந்த நாம் தே ஹி ஒரே குத்தில் 13 கூரை ஓடுகளை உடைத்தார். ரீ எந்த இடத்தால் உடைத்தான் என்று கேட்டு, கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவர்களிடம் "இது டேக்கியோன்" என்று சொன்னாராம். எங்கள் வகுப்பில் இதைச் சொல்லாத மாஸ்டர் கிடையாது.

#11 பழையஏடு

அந்தக் கதையில்தான் எல்லாமே இருக்கிறது மாஸ்டர். நாம் தே ஹி சுங் டோ குவானில் பயின்றவர், உடைத்தது கராத்தே குத்து. டேக்கியோனில் ஓடு உடைக்கும் பழக்கமே இல்லை. ஆனால் நாட்டின் தலைவர் வாயால் அது கொரியாவின் பழைய கலை என்று வந்துவிட்டது. அப்புறம் அந்தப் பெயரை யார் விடுவார்கள்? அந்த உச்சரிப்புக்குக் கிட்டத்தில் வரும் பெயரைத் தேடி 1955இல் டேக்வாண்டோ என்று முடிவு செய்தார்கள். உடனே எல்லாக் குவான்களும் ஏற்கவில்லை. 1961இல் பாக் சுங் ஹி ஆட்சிக்கு வந்து குவான்களை ஒரே சங்கத்தில் சேரச் சொன்னபோது பெயர் டே சூ டோ என்று போனது. 1965இல் சோய் தலைவராக வந்த பிறகே டேக்வாண்டோ திரும்பியது.

2000 வருடக் கதை பெரிதாக ஊதப்பட்டது இந்தக் காலத்தில்தான். காலனி ஆட்சி முடிந்து 20 வருடம்கூட ஆகாத நாட்டில், தேசிய விளையாட்டு என்று சொல்லப்போகும் ஒன்றை ஜப்பானிலிருந்து வந்தது என்று எந்த அரசு அறிவிக்கும்? ஸ்டீவன் கேப்பனர் என்ற ஆய்வாளர் 1995இல் இதை வெளிப்படையாக எழுதினார். அதற்குப் பிறகு கொரியப் பேராசிரியர்களே பலர் எழுதிவிட்டார்கள். வகுப்புத் தாள்கள்தான் இன்னும் மாறவில்லை.

#12 கிள்ளான்_குமரன்

மலேசியாவிலிருந்து. எங்கள் நாட்டுப் பங்கை யாரும் சொல்லவில்லையே! 1962இல் சோய் ஹாங் ஹியை அன்றைய மலாயாவுக்குத் தூதராக அனுப்பினார்கள். பாக் சுங் ஹிக்கு அவரைப் பிடிக்காது, கண்ணுக்கெட்டாத தூரத்தில் வைக்கத்தான் அந்தப் பதவி என்பார்கள். மனிதர் இங்கே வந்தும் சும்மா இருக்கவில்லை. கிம் போக் மான், வூ ஜே லிம் இருவரையும் வைத்துக்கொண்டு டுல்களில் பலவற்றைக் கோலாலம்பூரில்தான் கட்டினார். கொரியாவுக்கு வெளியே டேக்வாண்டோ முதலில் ஊன்றிய நாடுகளில் எங்களுடையது ஒன்று. எங்கள் ஊரில் அப்பா தலைமுறைத் தமிழர்களே கறுப்பு பெல்ட்டோடு இருக்கிறார்கள். அவர்கள் கற்றதெல்லாம் தூதர் காலத்து முறை.

#13 மஞ்சள்பெல்ட்_அப்பா

படிக்கப் படிக்கச் சுவாரஸ்யம். ஒரு சந்தேகம். மாஸ்டர் டுல் என்கிறார், என் மகள் வகுப்பில் பூம்சே என்கிறார்கள், டேகுக் 1, டேகுக் 2 என்று போகிறது. ஒலிம்பிக்கில் இருப்பது எது? ஏன் ரெண்டு?

#14 சுவோன்வாசி

உங்கள் மகள் கற்பது ஒலிம்பிக் பக்கம், இன்றைய பெயர் வேர்ல்ட் டேக்வாண்டோ. 2017 வரை டபிள்யூடிஎஃப் (வேர்ல்ட் டேக்வாண்டோ ஃபெடரேஷன்) என்று இருந்தது. ஆங்கிலத்தில் அந்த மூன்றெழுத்து வேறு மாதிரிக் கிண்டலுக்கு ஆளானதால் சுருக்கிக்கொண்டார்கள்.

பிரிவு அரசியலால் வந்தது. சோய் 1966இல் ஐடிஎஃப் ஆரம்பித்தார். பாக் சுங் ஹியோடு முறுகல் முற்றி 1972இல் கனடாவுக்குப் போய்விட்டார், அமைப்பையும் டொரண்டோவுக்குக் கொண்டுபோனார். அதே 1972இல் இங்கே சியோலின் காங்னாம் பகுதியில் குக்கிவோன் என்ற டேக்வாண்டோ தலைமையகத்தைக் கட்டி முடித்தார்கள். 1973 மே மாதம் அங்கே முதல் உலகப் போட்டி, அது முடிந்த கையோடு டபிள்யூடிஎஃப், தலைவர் கிம் உன் யோங். அரசியல் செல்வாக்குள்ளவர், பிற்பாடு ஒலிம்பிக் கமிட்டியிலும் பெரிய ஆள். டேகுக் பூம்சேக்களும் அந்தக் காலத்துப் படைப்புதான், சோயின் டுல்களிலிருந்தும் கராத்தே கட்டாக்களிலிருந்தும் விலகிவரச் செய்தவை. 1980இல் ஒலிம்பிக் கமிட்டி அங்கீகாரம், 1988 சியோலிலும் 1992 பார்சிலோனாவிலும் காட்சி விளையாட்டு, 1994இல் பாரீசில் முடிவு, 2000 சிட்னியில் பதக்க விளையாட்டு.

சோய் மறுபக்கம் வடகொரியாவோடு நெருங்கினார். அவர் பிறந்த ஊர் வடக்கில்தான். 1980இல் ஒரு குழுவோடு பியோங்யாங் போய்ச் செய்துகாட்டினார், அங்கே கலை பரவியது. கோ டாங் என்று ஒரு டுல் இருந்தது. சோவியத் படை வடக்கில் இருந்தபோது காவலில் வைத்த தேசியவாதி ஜோ மான் சிக்கின் பட்டப்பெயர் அது. அதை எடுத்துவிட்டு ஜூச்சே என்ற டுல்லைப் போட்டார், கிம் இல் சுங்கின் கொள்கைப் பெயர். தெற்கில் இது ஆறாத புண். 2002இல் பியோங்யாங்கில் இறந்தார், அங்கேயே அடக்கம்.

#15 சபொம்நிம்_சேலம்

கோ டாங்கைத் திரும்பக் கொண்டுவந்த ஐடிஎஃப் பிரிவுகளும் உண்டு. சோய் போன பிறகு ஐடிஎஃப்பே பல துண்டாகிவிட்டது. அதைப் பேசினால் இந்த இழை முடியாது.

#16 செங்கவசம்

மாநில அளவில் ஸ்பாரிங் (நேருக்கு நேர் மோதும் போட்டி) ஆடியிருக்கிறேன். #7இல் மாஸ்டர் கேட்ட உதைக் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பதில் சுவரோவியத்தில் இல்லை, போட்டி விதியில் இருக்கிறது.

1940களில் கொரியர்கள் கற்றுவந்த கராத்தேயில் உதை இருந்தது. ஃபுனாகோஷியின் மகன் யோஷிதாகா அப்போதே உதைகளை உயர்த்திக்கொண்டிருந்தார். ஆனால் கராத்தே போட்டி, அடியைத் தோலுக்கு முன்னால் நிறுத்தும் வழியில் போனது. கொரியர்கள் எதிர்வழியில் போனார்கள். 1962இல் தேசிய விளையாட்டு விழாவில் காட்சியாக, 1963இல் அதிகாரபூர்வமாக நுழைந்தபோது உடலில் கவசம் மாட்டி முழுபலத்தில் அடிக்கவிட்டார்கள். கவசத்துக்குப் பெயர் ஹோகு. ஆரம்பத்தில் கெண்டோ கவசம் மாதிரி மூங்கில் பட்டை வைத்தது. கையால் முகத்தில் குத்தக்கூடாது, இடுப்புக்குக் கீழே உதைக்கக்கூடாது.

இந்த மூன்று விதியைச் சேர்த்து யோசியுங்கள். முகத்துக்குக் குத்து வராது என்றால் கையை இறக்கிவைக்கலாம். இறக்கினால் இடுப்பு லேசாகும், பக்கவாட்டில் நிற்கலாம். கீழே உதை வராது என்றால் காலை அகட்டி ஆழமாக ஊன்றத் தேவையில்லை, நெருக்கி வைத்துத் துள்ளலாம். துள்ளினால் முன்கால் எந்த நொடியும் உதைக்கும். எதிராளி உதைக்க வரும்போதே சுழன்று முதுகுப்பக்கம் காட்டிப் பின்னுதை விடலாம், ஏனென்றால் திரும்பும் நேரத்தில் முகத்தில் குத்த யாருமில்லை. அந்தரத்தில் இடம் வலம் என்று இரட்டை உதை போடும் நாரே சாகி எந்தக் கட்டாவிலும் டுல்லிலும் கிடையாது. ஸ்பாரிங் தரையில் பிறந்தது. நான் பார்த்த எந்தக் கராத்தே ஆளும் முதல் தடவை இதற்கு முன்னால் தடுமாறாமல் இருந்ததில்லை. அவர் கை பிளாக்குக்குப் போகும்போது கால் ஏற்கெனவே தலைக்கு மேல் வந்திருக்கும்.

ஆக, கொரியா கடன் வாங்கியது உண்மை. வாங்கியதை வைத்து 20, 30 வருடத்தில் ஜப்பானில் இல்லாத ஒரு சண்டைமுறையை உருவாக்கியதும் உண்மை. பெருமைப்பட வேண்டியது இதுதான், இதற்கு ஹ்வாரங் தயவு தேவையில்லை. சோகம் என்னவென்றால் 2012 லண்டனில் எலக்ட்ரானிக் கவசம் வந்த பிறகு, பலமாக உதைப்பதைவிடச் சென்சாரைத் தொடுவது லாபம் ஆகிவிட்டது. முன்காலை வாள்போல நீட்டிக்கொண்டு நொண்டி ஆடுகிறார்கள். சுழன்று தலையில் உதைத்தால் 5 புள்ளி என்று ஆசை காட்டியும் ஆட்டம் பழைய கவர்ச்சிக்கு வரவில்லை. என் அபிப்பிராயம்.

#17 சுவோன்வாசி

செங்கவசம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டேக்கியோன் செத்துப்போகவில்லை. அதன் கடைசிப் பழைய ஆட்டக்காரர் சோங் டோக் கி 1893இல் சியோலில் பிறந்து 1987 வரை வாழ்ந்தார். 1958இல் சிங்மன் ரீ பிறந்தநாளுக்கு ஆடிக் காட்டினார். 1983இல் அரசு இதைக் காக்கவேண்டிய கலைச்சொத்தாக அறிவித்தது, 2011இல் யுனெஸ்கோ பட்டியலிலும் வந்தது. நான் இங்கே பார்த்திருக்கிறேன். முழங்காலை நெகிழ்த்தி முக்கோணமாக அடி வைத்து, தாளத்துக்கு ஆடுவதுபோல அசைந்துகொண்டே எதிராளியின் காலைத் தட்டி விழவைக்கப் பார்ப்பார்கள், இல்லை முகத்துக்கு உதைப்பார்கள். விழுந்தால் தோல்வி. முஷ்டிக் குத்து கிடையாது, பெல்ட் வரிசை நடையும் கிடையாது. 1895இல் ஸ்டூவர்ட் கூலின் கொரிய விளையாட்டுகள் பற்றி எழுதும்போது இதையும் ஆட்டங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறார். டேக்வாண்டோவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தாய் மகள் உறவு கண்ணுக்குத் தெரியாது. காலால் ஆடும் ரசனை ஊரில் முன்பே இருந்தது, அது போட்டி விதி எழுதியவர்கள் மனதிலும் இருந்திருக்கும் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

#18 மஞ்சள்பெல்ட்_அப்பா

அப்போ மகள் தேர்வில் என்ன எழுதட்டும்? 1944 என்று எழுதினால் அங்கே மார்க் போடுவார்களா?

#19 சபொம்நிம்_சேலம்

சார், பச்சை பெல்ட் பாப்பா தாளில் உள்ளதை எழுதட்டும், தேர்வாளரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். என் வகுப்பில் நான் கேட்பதாக இருந்தால் இரண்டு கேள்வியாகக் கேட்பேன்: 5 குவான்களின் பெயர், அவை எங்கே தொடங்கின. ஹ்வாரங் யார் என்றும் கேட்பேன், ஏனென்றால் டுல்லுக்குப் பெயர் இருக்கிறது, யாருடைய பெயரைச் சொல்லிக் கை ஓங்குகிறோம் என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும். மற்றபடி அவர்கள் பக்க உதை உதைத்தார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

#20 ஷோடோகான்_ஷங்கர்

மச்சானிடமும் சொல்லிவிடுங்கள், செங்கவசம் மாதிரி ஆளோடு ஒரு ரவுண்டு போட்டுவிட்டு அப்புறம் சட்டைக் கதை பேசட்டும்.

#21 தனிவழி

தாமதமாக வருகிறேன். நான் கற்றது டாங் சூ டோ. எங்கள் ஃபார்ம்களுக்கு இன்றும் பியோங் ஆன் என்றே பெயர், ஷங்கரின் ஹெயான்தான் அது. டேக்வாண்டோ எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டபோது நாங்கள் மட்டும் ஏன் பழசிலேயே இருக்கிறோம்?

#22 பழையஏடு

உங்கள் ஹ்வாங் கீ கூட்டத்தில் சேராததால். அவர் முதலில் தன் கலைக்கு ஹ்வா சூ டோ என்று சொந்தப் பெயர் வைத்துப் பார்த்தார், ஆள் வரவில்லை. மக்களுக்குத் தெரிந்த பெயர் டாங் சூ டோ என்பதால் அதற்கு மாறினார், பள்ளி பெருகியது. 1957இல் தேசிய நூலகத்தில் முயே டோபோ டோங்ஜியைக் கண்டு, 1960இல் சூ பாக் டோ என்று பெயர் மாற்றினார். 60களில் குவான்களை ஒன்றாக்கியபோது மூ டுக் குவானில் ஒரு பெரும்பகுதி டேக்வாண்டோவுக்குப் போய்விட்டது, இவர் நீதிமன்றம்வரை போய் எதிர்த்துத் தனியாக நின்றார். மாற்றச் சொல்லி உத்தரவு போட மேலே சங்கம் எதுவும் இல்லாததால் பியோங் ஆன் 5ம் அப்படியே தங்கிவிட்டன. 1945இல் சியோலில் ஒரு பள்ளிக்குள் நுழைந்திருந்தால் என்ன கற்றிருப்பீர்கள் என்று தெரிய வேண்டுமா? உங்கள் அடுத்த வகுப்புக்குப் போனால் போதும்.